மூன்றாண்டுப் பொறுமை

மக்கள் வாக்களித்து அமைத்த ஆட்சியைப் படையினர் கவிழ்த்த வரலாறுகள் பல. அவற்றுள் தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டின் வரலாற்றை மாணவர் சிறப்பாகக் கற்றல் வேண்டும் என்பது நமது கருத்து. அயல்நாடுகளிற்போலன்றித் தம் படையினர் அரசியலமைப்புக்கு அடங்கியவர் என்று அந்நாட்டார் பெருமை கொண்டிருந்தனர்.

1970ஆம் ஆண்டுத் தேர்தலிலே சமதர்மவாதியான சல்வடோர் அலெண்டே 36 வீதத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளுடன் முதலிடம் பெற்றார். எவரும் பாதிக்கு மேல் பெறாமையால், தெரிவு செய்யும் பொறுப்பு பாராளுமன்றத்தைச் சார்ந்தது. அலெண்டே பதவியேற்பதைத் தடுக்கச் சதி நடந்தது. அதற்கு இணங்காத இராணுவத் தளபதி ரெனே ஷ்னைடர், தம்மைக் கடத்த வந்தோரால் சுடப்பட்டு மாண்டார். பாராளுமன்றமோ மரபு பிறழாது அலெண்டேயையே தெரிந்தெடுத்தது.

1971இல் பெருஞ் செப்புச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. பின்னர் விலைவாசி ஏறிற்று. கடைகளிற் பொருள் அருகிற்று. லொறி உரிமையாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஐக்கிய அமெரிக்காவின் உளவு நிறுவனம் எதிரணியினருக்குப் பணம் வழங்கிற்று. இவற்றுள் எது எவ்வளவு கேடு செய்தது என்பதில் அறிஞர் இன்றும் மாறுபடுவர். நாம் ஈண்டுச் சுட்ட விரும்புவது வேறொன்று. 1973 ஆகஸ்டு 22இல் பிரதிநிதிகள் சபை, அரசு சட்டத்தை மீறியதென 81க்கு 47 வாக்குகளால் தீர்மானித்து, அந்நிலைக்கு முடிவு காணுமாறு படையினரையும் விளித்தது. மறுநாள் அகஸ்தோ பினோசே இராணுவத் தளபதியானார்.

செப்டெம்பர் 11இல் விமானங்கள் சனாதிபதி மாளிகைமீது குண்டு பொழிந்தன. சரணடைய மறுத்த அலெண்டே அங்கேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். படையினர் ஒழுங்கை நிலைநாட்டி விரைவில் பாசறைக்கு மீள்வர் என எதிரணியினர் பலர் நம்பினர். அம்மாதமே பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அலெண்டேயின் அணியைச் சேர்ந்த கட்சிகள் தடைசெய்யப்பட்டன; 1977இல் ஏனைய கட்சிகளுக்கும் அதே கதி நேர்ந்தது. அவ்வாட்சியில் 3,000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், அன்றேல் காணாமற் போயினர்.

1988இல் நடந்த பொதுசன வாக்கெடுப்பில் ஏறத்தாழ 55 வீதத்தினர் பினோசேயின் பதவி நீடிப்பை மறுத்தனர். 1990இல் அவர் சனாதிபதிப் பதவியை விட்டு நீங்கினார்.

அலெண்டே நல்லாட்சி செய்தாரா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் அவரது பதவிக்காலம் 1976இல் முடிந்திருக்கும். விரும்பாதோர் அன்று வாக்கினால் மாற்றம் கண்டிருக்கலாம். அம்மூன்றாண்டு பொறுக்க மாட்டாதோர், அடுத்த சனாதிபதித் தேர்தலைக் காண 1989 வரை, பதினாறு ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.