சீட்டைக் குறையுங்க... ஆசையைக் குறைக்காதீங்க!



நான் பத்தாம் வகுப்பு வரை படித்த இல்லத்தரசி. எனக்கு ஓட்டத் தெரிந்தது ஸ்கூட்டர் மட்டும்தான். 'இவளுக்கு மோட்டார் பைக் பற்றி எழுத என்ன தகுதி?' என்று கேட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். படித்துவிட்டு, நான் நினைப்பது சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் தங்கைக்கு வயசு 25. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். தினமும் பல்லடத்திலிருந்து போய் வருகிறாள். இரண்டு வருஷம் ஏலச்சீட்டுக் கட்டி, அந்தப் பணத்தில் போன வருஷம் 150 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றைப் பழசாக வாங்கினாள். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே அவளுக்கு அந்த மாதிரி வண்டி மேல் ஆசை. லைசென்ஸும் கியர் வண்டிக்கே எடுத்து வைத்திருந்தாள். ஒரே ஒரு குறைதான். அவள் உயரம் 5 அடி. ஏறி உட்கார்ந்தால் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொடும்.

இந்த மாதிரி வண்டிகளின் சீட் உயரத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். யமஹா ஆர்15 வண்டியின் சீட் 815 மில்லிமீட்டர். அதாவது 32 அங்குலம். நம் வீட்டுச் சமையல் மேடையும் ஏறக்குறைய அந்த உயரம்தான்! மேடை மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றிப் பாருங்கள், தெரியும். நம் வீட்டு ஆண்கள் ஓட்டுகிற ஸ்ப்ளெண்டர் 785 மில்லிமீட்டர். ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 765தான். ஆகவே பெரிய வண்டி என்றால் உயரம், சின்ன வண்டி என்றால் குள்ளம் என்றெல்லாம் கிடையாது. ஸ்போர்ட்ஸ் பைக் வளைவில் நன்றாகச் சாய்ந்து திரும்ப வேண்டும் என்பதால் அதை உயர்த்திக் கட்டுகிறார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். தங்கை தெரிந்த ஒரு பட்டறையில் போய்க் கேட்டாள். "இதென்ன பெரிய விஷயம், அரை நாள் வேலை" என்றார்கள். பின்பக்க ஷாக் அப்சார்பருக்கு அடியில் லிங்க் என்று இரும்புப் பட்டை இருக்கிறதாம். அதைக் கொஞ்சம் நீளமாகப் போட்டால் வண்டியின் பின்பக்கம் இறங்கிவிடும். அப்படியே செய்து கொடுத்தார்கள். தங்கைக்குப் பாதம் தரையில் பட்டது. அன்று ராத்திரி அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

ஆனால், அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் தொல்லை ஆரம்பித்தது. ராத்திரியில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் திட்டினார்கள். பின்பக்கம் இறங்கினதால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஹெட்லைட் வெளிச்சம் அவர்கள் கண்ணில் அடித்தது. வளைவில் ஹேண்டில் பாரம் தட்டியது. அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துப் போனால் வேகத்தடையில் வண்டி வயிற்றுப் பக்கம் உரசியது.

கடைசியில் ஒருநாள் கோயில் வாசலில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, வலது பக்கமாக வந்து பையை எடுத்திருக்கிறாள். வண்டி அப்படியே அவள் கால் மேல் சாய்ந்துவிட்டது. கால் விரல் எலும்பு முறிந்து, ஒரு மாசம் கட்டுப் போட வேண்டியதாயிற்று. அடுத்த வாரம்தான் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். விஷயம் தெரிந்ததும், "கால் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து போன் வரவே இல்லை.

வீட்டில் அன்றைக்கு நடந்த பேச்சைக் கேட்க வேண்டுமே!

"அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன். உன் உசரத்துக்கு எதுக்கு கண்ணு இந்த வண்டி? ஒரு ஸ்கூட்டி வாங்கினா ஆகாதா?" என்று அம்மா அழுதார்கள்.

"பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் தேவையா?" என்று பெரியப்பா கேட்டார்.

என் வீட்டுக்காரர் கூட, "நல்ல விலை வந்தா தள்ளி விட்ரலாம்" என்றார்.

தங்கை ஒன்றுமே பேசவில்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இத்தனை பேர் பேசினார்களே, வண்டி ஏன் சாய்ந்தது என்று ஒருவராவது கேட்டார்களா?

ஊரில் வயசான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரை வீட்டுக்கு வரச் சொல்லிக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "அம்மணி, வண்டியை இறக்கினவங்க ஸ்டாண்டை அறுக்கல."

அவ்வளவுதான் விஷயம்! வண்டி தாழ்ந்துவிட்டது, ஸ்டாண்டின் நீளம் பழைய நீளமே இருக்கிறது. அதனால் இடது பக்கம் சாய வேண்டிய வண்டி, ஏறக்குறைய நேராக நின்றிருக்கிறது. லேசாகக் கை பட்டாலும் வலது பக்கம் விழத்தான் செய்யும். தங்கை 6 அடி உயரம் இருந்திருந்தாலும் விழுந்திருக்கும். தப்பு அவள் உயரத்தில் இல்லை. பாதி வேலை செய்து கொடுத்ததுதான் தப்பு.

அவர் சொன்ன மற்ற விஷயங்களையும் எழுதுகிறேன். யாருக்காவது பயன்படும்.

பின்பக்கத்தை இறக்கினால் முன்பக்கத்தையும் அதற்குத் தக்கபடி இறக்க வேண்டும். முன்பக்க ஃபோர்க் குழாய்களை அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் கொஞ்சம் மேலே தள்ளி இறுக்குவார்கள். அதிகம் தள்ளினால் பள்ளத்தில் இறங்கும்போது முன்சக்கரமோ மட்கார்டோ மேலே போய் இடிக்கும். அப்புறம் ஸ்டாண்டைக் குறைத்து வெல்டிங் வைக்க வேண்டும். ஹெட்லைட்டைத் திருத்த வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து, சக்கரம் எங்கேயாவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு வேலை. அதிலும் எல்லா வண்டிக்கும் இந்த லிங்க் கிடையாது. சில வண்டிகளில் ஷாக் அப்சார்பர் நேராகவே மாட்டியிருக்கும். அதில் இந்த வழியே செல்லாது.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று போட்டிருக்கிறார்கள். ஆகவே இரும்பில் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொள்வது நல்லது.

"அப்போ என்னதாங்க பண்றது? வித்துடறதா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "இரும்புல கை வைக்கிறதுக்கு முன்னாடி பஞ்சுல கை வைக்கலாமில்ல?" என்றார்.

முதலில் பழைய லிங்கையே திரும்ப மாட்டினார். பிறகு ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தைக் குறைத்தார். தங்கை 48 கிலோதான். அவ்வளவு இறுக்கம் அவளுக்குத் தேவையில்லை. இறுக்கம் குறைந்ததும் அவள் உட்கார்ந்தால் வண்டி முன்பை விடக் கொஞ்சம் அமுங்கியது.

அடுத்தது சீட். இந்த வண்டிகளில் ஓட்டுகிறவர் சீட் தனி, பின்சீட் தனி. முன்சீட் மட்டும் பழசாக ஒன்று வாங்கினோம். சீட் கவர் தைக்கும் கடையில் கொடுத்து, நடுவில் ஒரு அங்குலம் ஸ்பாஞ்சைச் செதுக்கினோம். முக்கியமாக டேங்க்கை ஒட்டிய இடத்தில் இரண்டு பக்கமும் ஒடுக்கச் சொன்னார். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து அதிலேயே கால் நீளம் போய்விடுகிறது. ஒடுக்கினால் கால் நேராக இறங்குகிறது. இது எனக்குப் புதுச் செய்தி! அதற்காக ஸ்பாஞ்சை ஒரேயடியாகச் செதுக்கிவிடவும் கூடாது. அடிப்பலகை குத்தி இடுப்பு எலும்பு வலிக்கும். கவருக்கு அடியில் பாலிதீன் போடாவிட்டால் மழைத் தண்ணீர் ஸ்பாஞ்சில் இறங்கிவிடும். பழைய சீட்டை அப்படியே துணி சுற்றிப் பரண் மேல் வைத்திருக்கிறோம். வண்டியை விற்க நேர்ந்தால் மாட்டிக் கொடுத்துவிடலாம்.

கூடவே அடிப்பாகம் தடித்த ஷூ ஒன்று வாங்கினாள். இப்போது இரண்டு காலிலும் முன்பாதம் தரையில் படுகிறது. குதிகால் படவில்லைதான். பரவாயில்லை. நிற்கும்போது இரண்டு காலும் ஊன்ற வேண்டியதில்லை. கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து இடது காலை முழுசாக ஊன்றி, வலது காலைப் பிரேக்கில் வைத்தால் போதும். தினமும் காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மணி நேரம் வீதம் பத்து நாள் பழகினாள். மேடு பள்ளம், மணல் இருக்கிற இடத்தில் நிறுத்துவதில்லை. நிறுத்தும் முன்பே தரையைப் பார்த்துக்கொள்கிறாள்.

இதில் என் அபிப்பிராயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு கட்டியபோது, "எனக்கு மேடை உசரம். 30 அங்குலத்துக்குக் கட்டுங்க" என்று கொத்தனாரிடம் கேட்டேன். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. "உன் உசரத்துக்கு எதுக்குச் சமையல்?" என்றும் கேட்கவில்லை. அடுப்படி என்றால் நம் உயரத்துக்கு எல்லாமே தாழ்ந்து வருகிறது. நாம் ஆசைப்பட்ட வண்டி என்றால் மட்டும் "உனக்கு எதுக்கு?" என்ற கேள்வி வந்துவிடுகிறது.

உயரம்தான் தடை என்பதும் பொய். ஸ்பெயின் நாட்டு அனா கரஸ்கோ என்ற பெண் ஐந்தடிச் சொச்சம் உயரம்தான். 2018-இல் சூப்பர் ஸ்போர்ட் 300 என்ற பைக் ரேஸில் ஆண்களோடு சேர்ந்து ஓட்டி உலகச் சாம்பியன் ஆனார். அதே நாட்டு டேனி பெட்ரோசா ஆண்பிள்ளைதான், அவரும் ஏறக்குறைய ஐந்தேகால் அடிதான். மோட்டோஜிபி பந்தயங்களில் 31 முறை ஜெயித்திருக்கிறார்.

ஸ்கூட்டர் மட்டமான வண்டி என்று சொல்ல வரவில்லை. நானே அதில்தான் கடைக்கும் பள்ளிக்கும் போகிறேன். ஆனால் எது வேண்டும் என்று ஓட்டுகிறவள் முடிவு செய்யட்டும். அதேபோல் ஆசை இருக்கிறது என்று அவசரப்பட்டு வண்டியை அறுக்கவும் வேண்டாம். வாங்கும் முன் கடையில் நீங்கள் ஓட்டப்போகும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். முதலில் பழக்கம், அப்புறம் சீட், கடைசியாகத்தான் இரும்பு.

அம்மாவுக்கு அந்த வரன் போனதில் இன்னும் வருத்தம்தான். ஆனால் போன வெள்ளிக்கிழமை தங்கை பின்னால் உட்கார்ந்து கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள். இறங்கினதும், "ஸ்டாண்டை நல்லாப் போட்டியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்கள்.

என்ன தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு பெண் உயரமான வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளா? அவளைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு அங்குல டேப்பை எடுத்து அளந்து பாருங்களேன்!

— ஒரு வாசகி, பல்லடம்.