விலையறியாதவன் விளைத்தென்ன?

வன்னி மண் விளைகின்றது. இரணைமடு நீர் பாயும் வயல்களிலே நெல் விளைகின்றது. வவுனியாவிலே உழுந்து விளைகின்றது. முல்லைத்தீவிலே கச்சான் விளைகின்றது. விளைவித்தவனின் வாழ்வு மட்டும் விளையவில்லை. ஏன்? மண்ணிலே குற்றமா? மழையிலே குற்றமா? உழைப்பிலே குற்றமா? ஒன்றிலுமில்லை. விற்கின்ற வேளையிலே விற்பவன் கண்ணைக் கட்டிக் கொண்டு நிற்கின்றான். வாங்குபவன் கண்ணைத் திறந்து கொண்டு நிற்கின்றான். குற்றம் அங்கேதான் இருக்கின்றது.

கிளிநொச்சிக் களத்துக்கு லொறி கொண்டு வரும் வியாபாரி வெறுங்கையோடு வருவதில்லை. மரந்தகஹமுலவிலே அன்று அரிசி என்ன விலை போயிற்று, பொலன்னறுவை ஆலைகளிலே எவ்வளவு நெல் இருப்பிலுண்டு, எந்தக் கமக்காரனுக்கு எப்போது பணம் முடை என்ற செய்திகளெல்லாம் அவனது கைத்தொலைபேசியிலே அடங்கிக் கிடக்கின்றன. கமக்காரன் அறிந்ததோ ஒன்றே: தன் பசளைக் கடன். நம் நெல் தெற்கே சென்று அரிசியாகத் திரும்பி நம் ஊர்க் கடைக்கே வருகின்றதே, அந்தப் பயணத்திலே பிறக்கும் இலாபத்தில் ஒரு பங்கு ஆலைக்கூலி; மற்றொரு பங்கு அறிவுக்கூலி அன்றோ?

இந்த அறிவுக்கூலியின் பெருமையை உலகத்துப் பெருவணிகர் என்றோ கண்டுகொண்டனர். இலங்கையில் 2016 இல் கடை விரித்த டராஸ் நிறுவனம் ஒரு பிடி நெல்லும் விதைத்ததில்லை. ஒரு முழத் துணியும் நெய்ததில்லை. யார் எதை விரும்புகின்றார், என்ன விலைக்கு வாங்குவார் என்ற கணக்கே அதன் பெருமுதல். 2018 இல் சீனத்து அலிபாபா அதனைத் தனதாக்கிக் கொண்டது. முல்லைத்தீவு இளைஞன் அத்தகைய இணையக் கடையிலே பாதணி வாங்குகின்றான். அவன் தந்தையின் கச்சானை அங்கே விற்றுக் கொடுப்பார் யார்? இணையத்தினால் நாம் வாங்கப் பழகினோம், விற்கப் பழகினோமில்லை!

அரசாங்கம் செய்தது யாது? மத்திய வங்கி நாள்தோறும் விலை அறிக்கை வெளியிடுகின்றது. அதிலே புறக்கோட்டை உண்டு, தம்புள்ளை உண்டு, நாரஹேன்பிட்ட உண்டு, மீனுக்குப் பேலியகொடையும் நீர்கொழும்பும் உண்டு. வன்னிச் சந்தைகளுக்கு அங்கே இடமில்லை! நெல் சந்தைப்படுத்தும் சபை 1971 இல் பிறந்தது. அரை நூற்றாண்டு கடந்தும், 2025 இல் கிழக்கிலே அறுவடை தொடங்கிய பின்னரே, பெப்ரவரி மாதத்தில், நாட்டு நெல்லுக்கு 120 ரூபா என உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டது. களத்தை விட்டு நெல் போன பின் வரும் விலை யாருக்குப் பயன்?

நம்மவர் செய்தது யாது? வவுனியாவுக்கென வந்த பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் அமைப்பதா, தாண்டிக்குளத்தில் அமைப்பதா என்று 2016 இல் வழக்காடினர். பின்னர் எழுந்த கட்டிடமோ நெடுநாள் பூட்டிக் கிடந்தது. இடத்துக்காகச் சண்டையிட்டவர்கள், அங்கே நாள்தோறும் விலையை யார் எழுதுவார், கமக்காரனுக்கு அதனை யார் அறிவிப்பார் என்ற கேள்விக்கும் அதே வேகத்தைக் காட்டினார்களா?

“கமக்காரனுக்குக் கணனி எதற்கு?” என்று நகைப்போர் கேரளக் கடற்கரையைப் பார்க்கட்டும். 1997 க்கும் 2001 க்கும் இடையே அங்கே கைத்தொலைபேசி பரவிற்று. அதற்கு முன்பு, ஒரு துறையிலே மீன் விலைபோகாது கொட்டப்பட, அயல் துறையிலே வாங்க வந்தோர் வெறுங்கையோடு திரும்பிய நாள்கள் உண்டு. கடலில் இருந்தபடியே விலை கேட்டுப் படகைத் திருப்பும் நிலை வந்ததும் மீனவரின் இலாபம் 8 வீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலையும் 4 வீதம் தாழ்ந்தது. ரொபேர்ட் ஜென்சன் என்னும் பொருளியலறிஞர் 2007 இல் வெளியிட்ட கணக்கு இது. அந்த மீனவர்கள் பட்டதாரிகள் அல்லர்.

எனினும் கருவி ஒன்றே கதி என்று மயங்குதலும் பேதைமையாகும். மகாராட்டிர விவசாயிகளுக்கு விலைச் செய்தியைத் தொலைபேசியிலே அனுப்பிப் பார்த்த ஆய்வொன்று 2012 இல் வெளிவந்தது. அவர்கள் பெற்ற விலை குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை என்பதே அதன் முடிவு. மீனவன் படகைத் திருப்பலாம். விதைநெல்லும் பசளையும் கடனாகத் தந்த வியாபாரிக்கே நெல்லைக் கொடுக்கக் கட்டுண்டவன் எதனைத் திருப்புவான்? கடன் ஒருவன் கையிலும் விலைச் செய்தி மற்றொருவன் கையிலும் இருந்தால், அச்செய்தி காதுக்கு இனிப்பேயன்றி வயிற்றுக்குச் சோறாகாது.

ஆதலால் வேண்டுவன மூன்று. முதலாவது, கூட்டுறவுச் சங்கங்களும் கமக்கார அமைப்புகளும் அறுவடைக் கடனைத் தாமே வழங்கி, நெல்லைத் தம் களஞ்சியத்திலே இருத்தி வைக்க வேண்டும். இரண்டாவது, ஈரப்பதம், நிறை, தரம் ஆகியவற்றை எல்லாரும் காண அளந்து பதிய வேண்டும். கண்ணாற் காணாத பொருளை எவனும் அளவை நம்பியே வாங்குவான். மூன்றாவது, சந்தை விலையைத் தமிழிலே காலைதோறும் ஒவ்வோர் அங்கத்தவருக்கும் அனுப்ப வேண்டும். அந்தப் பதிவேடு சங்கத்தின் சொத்தாக இருத்தல் வேண்டும். இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லி வரும் நிறுவனத்திடம் அதனை ஒப்படைத்தல், களஞ்சியத் திறப்பையே ஒப்படைப்பதாகும்.

சட்டம் தடையன்று: இலத்திரனியல் ஒப்பந்தங்களை 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் ஏற்கின்றது. அறிஞருக்கும் பஞ்சமில்லை: 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும், கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் நம் வாசலிலேயே நிற்கின்றன. கணக்காளரே, பொறியியலாளரே, ஆசிரியரே! வாரத்தில் ஒரு மாலையை உங்கள் ஊர்ச் சங்கத்தின் கணக்கேட்டுக்கு ஈவீர்களா? கமக்காரப் பெருமக்களே! அடுத்த பொதுக்கூட்டத்தில் இம்மூன்றையும் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். கொழும்பின் பட்டியலில் வன்னிக்கு இடம் வரும் வரை காத்திருக்க வேண்டா. நம் பட்டியலை நாமே எழுதுவோம்!