மணலில் ஓடும் எஞ்சினுக்கு எந்தப் பெட்ரோல்?

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கும் என்பதற்கான அளவு. ஐசோ-ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்ற அளவுகோலை 1926-இல் கிரஹாம் எட்கர் வகுத்தார். எரிபொருளில் அடங்கிய ஆற்றலுக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. நாக்கிங் (கலவை தானாகப் பற்றி எஞ்சின் தட்டுவது) இல்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் 91-ஐ எடுத்துவிட்டு 100-ஐ ஊற்றினால், இக்னிஷன் டைமிங்கை மாற்றாதவரை பணம்தான் செலவாகும். கம்ப்ரஷனை ஏற்றும்போதுதான் இந்த எண்ணுக்கு வேலை வருகிறது. பழைய ஹிமாலயன் 411 பைக்கின் கம்ப்ரஷன் 9.5:1, 2023-இல் வந்த ஹிமாலயன் 450-இல் அது 11.5:1. மோட்டோகிராஸ் வண்டிகள் 13:1-ஐயும் தாண்டுகின்றன. ஒரு படி கம்ப்ரஷன் கூடினால் தேவைப்படும் ஆக்டேன் சுமார் 3 முதல் 5 எண் வரை உயரும் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள்.

பங்க்கில் எழுதியிருப்பது ஆர்.ஓ.என். ஒற்றை சிலிண்டர் சோதனை எஞ்சினை 600 ஆர்.பி.எம். வேகத்தில், உள்ளிழுக்கும் காற்றை 52 டிகிரியில் வைத்து ஓட்டி அளப்பது அது. அதே எஞ்சினை 900 ஆர்.பி.எம்.மில், கலவையை 149 டிகிரி வரை சூடாக்கி அளந்தால் கிடைப்பது எம்.ஓ.என். பங்க் பெட்ரோலில் இரண்டாவது எண் குறைவாகவே இருக்கும். இந்தியத் தரவிதி 91 ஆர்.ஓ.என். பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 81 எம்.ஓ.என்.னையே கேட்கிறது. எந்த எஞ்சின் எந்த எண்ணுக்குக் கட்டுப்படுகிறது என்பதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் கௌதம் கல்காட்கி. அவர் வகுத்த ஆக்டேன் குறியீட்டின்படி, குளிர்ந்த காற்றை உயர்ந்த அழுத்தத்தில் பெறும் டர்போ எஞ்சின் ஆர்.ஓ.என். பக்கம் சாயும், சூடான காற்றை உறிஞ்சும் எஞ்சின் எம்.ஓ.என். பக்கம் சாயும்.

ஆஃப்-ரோடு எஞ்சின் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். புதுச்சேரியின் கடலோர மணலிலும் சுற்றுவட்டாரச் செம்மண் ஓடைகளிலும் வண்டி மெல்ல நகரும், ஆனால் திராட்டில் முழுதாகத் திறந்திருக்கும். ரேடியேட்டரில் சேறு அப்பிக்கொள்ளும், அல்லது ஃபின்களுக்கு இடையே காற்றே போகாது. உயர்ந்த ஆர்.பி.எம்.மில் சுடர் பரவி முடிய ஆகும் நேரம் குறைவு என்பதால், கலவையின் கடைசிப் பகுதிக்குத் தானாகப் பற்றிக்கொள்ள அவகாசம் இருப்பதில்லை. பெரிய கியரில் மணலை ஏறும்போது அந்த அவகாசம் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது. தார்ச்சாலையில் ஒரு சத்தமும் இல்லாத வண்டி மணலில் தட்டுவது இதனால்தான். லடாக்கின் உயரத்தில் சாதாரணப் பெட்ரோலில் தட்டாமல் ஓடிய வண்டியும் கடல் மட்டத்துக்கு வந்ததும் தட்டலாம். காற்றழுத்தம் மிகுந்த இடத்தில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் சிலிண்டர் அதிகம் நிறைகிறது.

இந்தக் கணக்கை எத்தனால் இன்னும் சிக்கலாக்கியிருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் வழக்கமான பெட்ரோலாகவே ஆகிவிட்டது. அதன் ஆர்.ஓ.என். 95 என்கிறது அரசு. எத்தனாலின் ஆர்.ஓ.என். 108-ஐ ஒட்டியது, ஆனால் அதன் எம்.ஓ.என். 90-ஐ ஒட்டியதே. பங்க்கின் எண் உயர்ந்த அளவுக்கு, சூடான எஞ்சினுக்குக் கிடைக்கும் காப்பு உயரவில்லை என்பதை டியூனர்கள் மனத்தில் வைக்க வேண்டும். எத்தனால் ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் கலவை குளிரும். அது உண்மையான ஆதாயம். ஆனால் கார்புரேட்டரில் அதற்கேற்ற ஜெட் இல்லையென்றால் அந்த ஆதாயம் கைக்கு வராது. கலப்பில்லாத பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும்; 20 விழுக்காடு எத்தனாலுக்கு ஏறத்தாழ 13.5 பங்கு போதும். பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை சுமார் 8 விழுக்காடு லீன் (எரிபொருள் குறைந்தது) ஆகி, ஹெட்டும் பிஸ்டனும் சூடேறும். கேஹின் கார்புரேட்டரின் மெயின் ஜெட் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கிறது. ஆகவே கலப்பில்லாத பெட்ரோலுக்கு 110 பொருத்தப்பட்டிருந்தால் 114 அல்லது 115-இல் தொடங்குவது சரி. இதைச் செய்யாமல் பிரீமியம் பெட்ரோலைத் தேடுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து கொடுப்பதாகும்.

கடலோர ஊருக்கு இன்னொரு கவலையும் உண்டு. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 20 விழுக்காட்டுக் கலவை கொஞ்சம் நீரைத் தாங்கும். எல்லை மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் மிகக் குறைவாக இருக்கும், ஏனென்றால் அடிப்படைப் பெட்ரோலின் ஆக்டேனே சுமார் 84தான் என்பது அரசின் கணக்கு. புதுச்சேரியில் தமிழ்நாட்டைவிட விலை குறைவு என்பதற்காகக் கேனில் வாங்கி வாரக்கணக்கில் வைத்திருந்து, அதையே போட்டி நாளில் ஊற்றுவது 12:1 எஞ்சினுக்குச் செய்யும் பெரிய தீங்கு. வைத்தே ஆக வேண்டுமென்றால் உலோகக் கேனில், பெட்ரோல் விரிவடையக் கொஞ்சம் இடம் மட்டும் விட்டு நிரப்பி, இறுக மூடி, நிழலில் வைக்க வேண்டும்.

புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையை ஒட்டிய லேத் பட்டறைகளுக்குச் சொல்ல வேண்டியது கம்ப்ரஷனைப் பற்றியது. ஹெட்டையோ பிளாக்கையோ எவ்வளவு இழைத்தோம் என்பதை மில்லிமீட்டரில் சொல்லும் பழக்கம் பரவலாக உண்டு. ஆனால் எஞ்சினின் ஆக்டேன் தேவையைத் தீர்மானிப்பது எரியறையின் கன அளவு. 66.5 மி.மீ. போர், 57.5 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள 200 சிசி எஞ்சின் 10:1-இல் இருந்தால் அதன் எரியறை 22.2 சிசி. பிளாக்கில் அரை மில்லிமீட்டர் எடுத்தால் 1.7 சிசி குறைந்து கம்ப்ரஷன் 10.7-ஐத் தாண்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த அரை மில்லிமீட்டரால் ஆக்டேன் தேவை இரண்டு மூன்று எண் ஏறிவிடுகிறது. ஹெட்டைத் தலைகீழாக வைத்து, பியூரெட்டில் எண்ணெய் விட்டு அளக்க அரை மணி நேரம் போதும். ஹெட் ஏற்கெனவே இழைக்கப்பட்டதா என்று தெரியாத பழைய வண்டியில் இந்த அளவெடுப்பைத் தவிர்க்கவே கூடாது. பிஸ்டனில் கரி படிந்திருந்தால் அதுவும் எரியறையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுரண்டிவிட்டு அளக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் தட்டினால் உயர் ஆக்டேன் பெட்ரோல் தேவைதான். எண்ணெய் நிறுவனங்கள் 95 முதல் 100 வரை பல வகைகளை விற்கின்றன. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 2020 டிசம்பரில் வடக்கு, மேற்கு நகரங்களில் அறிமுகமாகி, பிறகு சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களுக்கும் வந்தது. விமானப் பெட்ரோலை வாங்கி ஊற்றும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். 100எல்எல் வகையில் ஈயம் இருக்கிறது. அது ஆக்சிஜன் சென்சாரையும் கேட்டலிஸ்ட்டையும் கெடுக்கும். மூச்சில் கலந்தால் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். சாலைப் பெட்ரோலில் ஈயத்தை இந்தியா 2000 பிப்ரவரியோடு நிறுத்தியது அதற்காகத்தான். புட்டியில் வரும் ஆக்டேன் பூஸ்டர்களில் பலவற்றின் விளம்பரத்தில் 'பாயின்ட்' என்று சொல்லப்படுவது ஓர் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. மாங்கனீஸ் உள்ளவை பிளக்கில் செந்நிறப் படிவை விடும். பிறகு பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஜெட்டைத் தீர்மானிக்க முடியாது.

காதால் கேட்டு முடிவு செய்வதிலும் எல்லை உண்டு. நாபி டயரின் இரைச்சலிலும் சைலன்சர் சத்தத்திலும் நாக்கிங் மறைந்துவிடும். பிளக்கின் பீங்கானில் மிளகுத் தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளோ மினுங்கும் அலுமினிய மணிகளோ தெரிந்தால் எஞ்சின் தட்டியிருக்கிறது. பிஸ்டன் தலையின் விளிம்பு மணல் அடித்ததுபோல் சொரசொரப்பாக இருந்தால் நீண்ட நாளாகவே தட்டியிருக்கிறது. ரிங் பள்ளங்களையும் அப்போதே சோதிக்க வேண்டும். அத்தகைய எஞ்சினில் முதலில் இக்னிஷனை இரண்டு டிகிரி பின்னிழுத்து, ஒரு படி உயர்ந்த பெட்ரோலில் அதே மணலில், அதே கியரில் ஓட்டிப் புதுப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். புள்ளிகள் இல்லையென்றால் டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக முன்னே கொண்டுவரலாம். மறுபடி புள்ளி தோன்றும் இடத்திலிருந்து இரண்டு டிகிரி பின்னிழுத்து நிறுத்திக்கொள்ள வேண்டும். கோடைப் பகலின் சூட்டுக்கு அந்த இடைவெளி தேவைப்படும்.