தலையெழுத்தா? நெய்க் கிண்ணமா?

நமது நாட்டில் நாற்பது, ஐம்பது வயதுடைய ஓர் ஆண்மகன் மார்வலி கண்டு மாண்டுபோனால், உடனே சொல்லப்படும் சமாதானம் என்னவென்பது யாவரும் அறிந்ததேயாகும். "அவன் ஆயுள் அவ்வளவுதான்" என்பார் ஒருவர். "ஏழரைச் சனி" என்பார் சோதிடர். "அவளுக்குத் தாலி பாக்கியம் இல்லை" என்று, புருஷனை இழந்து நிற்கும் பெண்ணின் தலையிலேயே பழியைச் சுமத்துவார்கள் உறவினர். செத்தவனுடைய இரத்தக் குழாயைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசுவதில்லை!

உண்மை என்ன? நெய், வெண்ணெய், ஆட்டுக் கொழுப்பு, பாமாயில், தேங்காய் எண்ணெய், வனஸ்பதி ஆகியவை மிஞ்சினால் இரத்தத்தில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் பெருகுகின்றது. அது இருதயத்திற்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் சுவரில் வருஷக் கணக்காகப் படிகின்றது. ஒரு நாள் அப்படிவு வெடித்து, இரத்தம் உறைந்து, வழி அடைபடுகின்றது. 1913இல் ருஷிய விஞ்ஞானி அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்டிரால் கலந்த தீனி கொடுத்து இப்படிவு உண்டாவதைக் காட்டினார். அந்த முயல்களுக்கு எந்தச் சோதிடர் ஜாதகம் கணித்தார் என்று கேட்கின்றோம்.

பின்லாந்து தேசத்தில் வட கரேலியா என்றொரு மாகாணம். அங்கு பால், வெண்ணெய், உப்பு, புகையிலை எல்லாம் தாராளம். இருதய நோயால் ஆண்கள் இளமையிலேயே செத்துக் கொண்டிருந்தார்கள். அம்மக்கள் யாகம் செய்யவில்லை. 1971இல் சர்க்காருக்கு விண்ணப்பம் செய்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் வைத்தியரின் தலைமையில் வேலை தொடங்கிற்று. கிராமத்துப் பெண்கள் சங்கம் வீட்டுச் சமையலை மாற்றக் கற்பித்தது. வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் வந்தது, கொழுப்பு நீக்கிய பால் வந்தது, புகை குறைந்தது. சுமார் 40 ஆண்டுகளில், உழைக்கும் வயதுடைய ஆண்களின் இருதய நோய் மரணம் நூற்றுக்கு 80க்கு மேல் குறைந்துவிட்டது. இத்தனை பேருடைய தலையெழுத்தையும் பிரம்மா அழித்து எழுதினாரா?

"நம் முன்னோர் நெய் சாப்பிடவில்லையா?" என்று வைதிகர்கள் கேட்கலாம். யாருடைய முன்னோர்? வெயிலில் உழுத நம் பாட்டன்மார் கேழ்வரகுக் கூழும் கீரையும் அல்லவா உண்டார்கள்? நெய்யை அவர்கள் கண்டது ஓமகுண்டத்தில்தான்! இன்று நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டு, பந்தியில் நெய் ஒழுகினால்தான் கௌரவம் என்று எண்ணுவது என்ன அறிவு? நெய்யிலுள்ள கொழுப்பில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேலும், தேங்காய் எண்ணெயில் 80க்கு மேலும் இந்தக் கெடுதியான வகையே.

பிறவியிலேயே கொலஸ்டிரால் மிகுந்தவர்களும் உண்டு. அதுவும் விதியல்ல; மருந்து உண்டு.

ஆகவே தோழர்களே! நெய்யையும் வனஸ்பதியையும் குறையுங்கள். கடலெண்ணெய், நல்லெண்ணெய் ஆனாலும் அளந்து ஊற்றுங்கள். பயறு, கீரை, கேழ்வரகு சேருங்கள். புகையை விடுங்கள். சோதிடருக்குக் கொடுக்கும் காசில் இரத்தத்தைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். இவற்றைப் பெண்கள் மட்டும் கற்றால் போதாது, "நெய் எங்கே?" என்று அதட்டும் ஆண்கள்தாம் முதலில் கற்க வேண்டும். தாலியின்மேல் பழி போடுமுன் தாளிப்புக் கரண்டியைப் பாருங்கள் என்பதே நமது வேண்டுகோள்.