நாக்கு புரண்டா நக்கல் பண்ணாதீங்க பாஸ்!

"ஏல, அனுதாபம் வர்றான் பாரு!"

வண்ணார்பேட்டை டீக்கடையில இந்தக் குரல் கேட்டா போதும், நம்ம ஜமா மொத்தமும் திரும்பிப் பார்க்கும். அனுதாபம்ங்கிறது நண்பனோட பேரு இல்லீங்க, பட்டப்பேரு. ஃபர்ஸ்ட் இயர்ல டிபார்ட்மென்ட் விழா. நன்றியுரை நம்ம ஆளுக்கு. ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணிட்டு வந்தான். சிறப்பு விருந்தினரைப் பார்த்துக் கும்பிட்டு, கணீர்னு சொன்னான்: "தங்கள் வருகைக்கு எங்கள் துறை சார்பில் ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொள்கிறேன்!"

அவ்வளவுதான். ஹாலே அதிர்ந்துச்சு. விருந்தினரும் சிரிச்சுட்டார்.

ஏன் அப்படி வந்துச்சு? யோசிச்சுப் பாருங்க. 'ஆழ்ந்த'ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி நாம அதிகம் பார்த்தது எதை? சுவர் போஸ்டர்ல இருக்கிற இரங்கலையும் அனுதாபத்தையும்தானே! பாளையங்கோட்டையில பஸ் ஏறி, வண்ணார்பேட்டையில இறங்க வேண்டியவன் அசந்து தூங்கி ஜங்ஷன்ல முழிக்கிற மாதிரி, நாக்கு பழகின ரூட்டுல போயிருச்சு.

இது நம்ம ஆளுக்கு மட்டும் வர்ற வியாதி இல்லை. மு.க.ஸ்டாலின் 2016-21ல் எதிர்க்கட்சித் தலைவரா இருந்தப்போ 'மதில் மேல் பூனை'யை 'பூனை மேல் மதில்'னு சொன்னது ஊரறிஞ்ச விஷயம். எடப்பாடி பழனிசாமி 2017-21ல் முதலமைச்சரா இருந்தப்போ கம்பராமாயணத்தை சேக்கிழார் கணக்குல எழுதிட்டார். ரெண்டையும் வச்சு மீம்ஸ் போட்டுத் தீர்த்தாச்சு. எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும் மைக் முன்னாடி நாக்கு ஒண்ணுதான்!

ஆனா அந்தப் பூனையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. பூனையும் மதிலும்தான் இடம் மாறியிருக்கு. நடுவுல இருந்த 'மேல்' அசையவே இல்லை. பெயர்ச்சொல் இருந்த இடத்துல இன்னொரு பெயர்ச்சொல். வாக்கியத்தோட சட்டம் அப்படியே நிக்குது. கம்பர் விஷயமும் அதே மாதிரிதான். கம்பர், சேக்கிழார் ரெண்டு பேருமே சோழர் காலப் புலவர்கள். ஞாபகத்துல பக்கத்துப் பக்கத்து வீடு. கதவு மாத்தித் தட்டியாச்சு.

இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. வியன்னாவைச் சேர்ந்த மெரிங்கர், மேயர்னு ரெண்டு பேர் ஜனங்க வாய் தவறிச் சொன்னதையெல்லாம் தொகுத்து 1895ல் புத்தகமே போட்டாங்க. அமெரிக்க மொழியியல் அறிஞர் விக்டோரியா ஃப்ராம்கின் 1971ல் இன்னும் தெளிவாச் சொன்னார்: இந்தத் தவறுகள் கன்னாபின்னான்னு வர்றதில்லை, அதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. அதாவது, முதல் வார்த்தையைப் பேசும்போதே பின்னாடி வர வேண்டியதும் உள்ளே ரெடியா க்யூவுல நிக்குது. தள்ளுமுள்ளுல ஒண்ணு முந்திக்குது. அறிவு இல்லாததால வர்ற கோளாறு இல்லை பாஸ், பேச்சு வேலை செய்யுற விதமே அப்படி!

ஆக்ஸ்ஃபோர்டுல ஸ்பூனர்னு ஒரு பேராசிரியர் இருந்தார். வார்த்தைகளோட முதல் எழுத்தை மாத்திப் போடுவார்னு பேரு. அவர் பேர்ல சுத்துற ஜோக்ஸ்ல பெரும்பாலானது மாணவர்களே கட்டிவிட்டது! ஆனா அதே ஸ்பூனர்தான் 1903 முதல் 1924 வரை நியூ காலேஜுக்குத் தலைவரா இருந்தார். நாக்கு புரண்டதால நாற்காலி புரளலை.

இன்னொரு வகை இருக்கு. அர்த்தம் தெரியாம சொலவடையை எடுத்து வீசுறது. வெளியூர் விருந்தாளி ஒருத்தர் நம்ம மேடையில ஏறி, "நெல்லை மக்கள் எனக்கு அல்வா கொடுத்துட்டாங்க"ன்னு நெகிழ்ந்தா, பாராட்டா புகாரான்னு நாம முழிக்கணும். இதுக்கு மருந்து இருக்கு. அர்த்தம் தெரியாத பழமொழியை மேடைக்குக் கொண்டு போகாதீங்க. முதல் வகைக்கும் கைவைத்தியம் உண்டு. புரண்டுருச்சா? நில்லுங்க, சிரிங்க, "மன்னிக்கணும்"னு சொல்லி சரியான வார்த்தையைச் சொல்லிட்டுப் போயிட்டே இருங்க. கூட்டம் உங்களோட சேர்ந்து சிரிக்கும்.

நம்ம அனுதாபத்துக்கு அந்த வாய்ப்பு கிடைக்கலை. மூணு வருஷம் மைக் பக்கமே போகலை. போன மாசம் கேம்பஸ் இன்டர்வியூ. குரூப் டிஸ்கஷன்ல எல்லா பாயின்ட்டும் அவனுக்குத் தெரியும். ஆனா வாயே திறக்கலை. வெளியே வந்து சொன்னான்: "பேசினா திரும்பவும் ஏதாவது வந்து தொலைச்சிருமோன்னு பயமா இருந்துச்சுல."

எனக்குத் தொண்டையில டீ இறங்கலை. ஏன்னா, அந்தப் பட்டப்பேரை வச்சது நான்தான். ஒரு செகண்ட்ல வந்த வார்த்தைக்கு மூணு வருஷம் தண்டனை கொடுத்திருக்கோம். நாக்கு புரண்டவன் தப்பு பண்ணலை, அதைப் புடிச்சுத் தொங்கினவன்தான் பண்ணினான்.

இந்த வருஷ விழாவுக்கும் நன்றியுரை அவன்தான். கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வச்சிருக்கேன். ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கான்:

"நீ முன்வரிசையில உக்காரணும். நான் உளறினா சிரிச்சுக்கோ. ஆனா மறுநாள் டீக்கடையில என்னை என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும்ல!"