அக்கா விழுந்த அன்று நான் செய்த தவறு

பதிவு கொஞ்சம் நீளம். பெஞ்சு மேல் ஏற்றிய உரிமையில் கேட்கிறேன், முழுக்கப் படியுங்கள்.

இரண்டு மாதம் முன்பு என் அக்கா (வயது 74) குளியலறையில் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் எலுமிச்சை அளவு வீக்கம். ரத்தம் இல்லை. "ஒண்ணுமில்லடா, தைலம் தேய்ச்சாப் போதும். பசங்ககிட்ட சொல்லித் தொலைக்காதே" என்றார். நானும் தலையாட்டினேன். மறுநாள் மாலை காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது, பேச்சு குழறியது. 108-க்குப் போன் செய்தோம். ஸ்கேனில் மண்டைக்குள் ரத்தக்கட்டு. ஆபரேஷன் நடந்து பிழைத்துவிட்டார். வலது கை இன்னும் பழையபடி இல்லை.

டாக்டர் பிறகு விளக்கினார். வயதானால் மூளை சற்றுச் சுருங்கும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே உள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், சின்ன அடிக்கே அறுந்துவிடும். உள்ளே இடம் இருப்பதால் ரத்தம் சேர்வது உடனே தெரியாது. சிலருக்கு வாரக்கணக்கில் கழித்துத்தான் தெரியுமாம். அக்கா ஸ்டென்ட் வைத்தவர். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சாப்பிடுகிறார். கசிவு எப்படி நிற்கும்?

ஆகவே என் கருத்து இதுதான். அறுபதைத் தாண்டியவர் தலையில் அடிபட்டால் வீக்கத்தைப் பார்த்து வீட்டில் முடிவு செய்யக் கூடாது. அன்றே சி.டி. ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஸ்கேன் வேண்டுமா என்பதை அங்குள்ள டாக்டர் சொல்லட்டும். மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில ஊசியை 3 மணி நேரத்துக்குள் போட்டால், லேசான, நடுத்தரக் காயக்காரர்களிடம் உயிரிழப்பு குறைந்தது என்று 2019-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நாங்கள் போனதோ ஒரு நாள் கழித்து.

இன்னொரு ஆதங்கம். சாலை விபத்தென்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நம் அரசிடம் இலவசத் திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம். வீட்டில் விழுந்த கிழவிக்கு அது பொருந்தாது. ஏன் பொருந்தக் கூடாது? செலவுக்குப் பயந்துதானே எங்கள் வயதுக்காரர்கள் விழுந்ததையே மறைக்கிறோம்!

பிள்ளைகளே, போனில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறீர்கள். "எங்கேயாவது விழுந்தீங்களா" என்றும் கேளுங்கள். அக்கா வீட்டுக் குளியலறையில் போன வாரம்தான் கைப்பிடிக் கம்பி பொருத்தினோம்.