கல்லைத் தூக்கியவர் யார்?

நமது சங்க உறுப்பினர்களின் வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு புதுப் பேச்சு அடிபடுகிறது. பெரிய கோயில்கள், காட்டில் கிடக்கும் கல்திட்டைகள், மலைமேல் நிற்கும் பாறை வளைவுகள் ஆகியவற்றை மனிதன் செய்யவில்லையாம். வேற்றுக் கிரகத்திலிருந்து பறக்கும் தட்டில் வந்தவர்கள் செய்தார்களாம், அல்லது நம் முன்னோருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். பிள்ளைகள் கைப்பேசியில் இதைப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் அதையே கேட்டு வந்து கூட்டத்தில் சொல்கிறார்கள். நான் டிப்ளமோ படித்து ரயில்வேயில் பாலமும் தண்டவாளமும் பார்த்து ஓய்வு பெற்றவன். வானியல் அறிஞன் அல்லன். ஆனால் கல்லும் இரும்பும் எப்படி நகரும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த உரிமையில் சில வார்த்தைகள்.

இந்தப் பேச்சு புதிதும் அல்ல. சுவிட்சர்லாந்தில் ஓட்டல் மேலாளராக இருந்த எரிக் வான் டானிக்கன் 1968ல் ஒரு புத்தகம் எழுதினார். பிரமிடுகளில் தொடங்கி நமது இதிகாசங்களில் வரும் விமானங்கள் வரை எல்லாவற்றுக்கும் விண்ணிலிருந்து வந்த விருந்தாளிகளையே காரணம் காட்டினார். புத்தகம் உலகமெங்கும் விற்றது. இன்று கைப்பேசியில் வருவதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பழைய சரக்குதான். மேலே பூசிய வர்ணம் மட்டும் புதிது.

வேறு உலகங்களில் உயிரே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றிவரும் கோளை முதன்முதலாக 1995ல் கண்டார்கள். இன்று அப்படி அறியப்பட்ட கோள்கள் 5,000க்கு மேல். எங்கோ ஏதோ உயிர் இருக்கலாம். அவர்கள் இங்கே வந்து சந்திரகிரிப் பக்கத்தில் கல் அடுக்கினார்களா என்பதுதான் கேள்வி.

முதலில் திருமலைச் சிலாதோரணத்தை எடுத்துக்கொள்வோம். கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அகலம் சுமார் 8 மீட்டர், உயரம் சுமார் 3 மீட்டர். பக்தர்கள் அங்கே பெருமாளை நினைக்கிறார்கள். அது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அதை வேற்றுலகத்தார் வந்துபோன வாசல் என்று ஒருவர் என்னிடம் சொன்னபோது பேசாமல் இருக்க முடியவில்லை. அது குவார்ட்சைட் பாறை. மழையும் காற்றும் ஓடுநீரும் இடுக்குகளில் புகுந்து மெலிந்த பகுதியை அரித்து வெளியேற்ற, வலுவான பகுதி வளைவாக நின்றுவிட்டது. அதே மலைப்பாதையில், கீழே உள்ள கிரானைட்டின்மேல் குவார்ட்சைட் அடுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் கோட்டைக் காணலாம். இரண்டுக்கும் நடுவே பல கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. இவற்றை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. உலகிலேயே இப்படி மூன்று வளைவுகள்தான் உண்டு என்றும் நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் உள்ள ஒரே ஒரு பூங்காவில் மட்டும் இயற்கையான பாறை வளைவுகள் 2,000க்கு மேல் இருக்கின்றன. வாசல் என்றால் இத்தனை வாசல்களா?

சரி, அது இயற்கை. மனிதக் கை பட்ட கல்லுக்கு வருவோம். திருப்பதியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், சந்திரகிரிக்கு அப்பால் மல்லய்யகாரிபள்ளி என்ற ஊர்ப்பக்கம் ஒரு குன்றில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. உள்ளூர் மக்கள் அவற்றைப் பாண்டவர்களோடு சேர்த்துப் பேசுகிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் இதே கதைதான். ஓர் ஊரில் பாண்டவர் குழி என்பார்கள், இன்னோர் ஊரில் குள்ளர் வீடு என்பார்கள். யார் கட்டியது என்பது மறந்துபோனால் ஜனங்கள் ஒரு பெயரை வைத்துவிடுவார்கள். அன்று பாண்டவர், பிறகு குள்ளர், இன்று வேற்றுக் கிரகவாசி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாண்டவரும் குள்ளரும் இந்த மண்ணின் கதைகள்.

அந்த மூடுகல்லை எப்படி ஏற்றியிருப்பார்கள்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 10 அடி நீளம், 8 அடி அகலம், முக்கால் அடி கனம் உள்ள ஒரு பலகைக் கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கன அடி. ஒரு கன அடி கருங்கல் ஏறக்குறைய 76 கிலோ. ஆக நாலரை டன். நிற்கும் கற்களைச் சுற்றி மண்ணைக் கொட்டிப் பத்தடிக்கு ஓரடி ஏறுகிற சரிவு அமைத்து, கல்லுக்கு அடியில் உருளைக் கட்டைகள் போட்டுக் கயிற்றால் இழுத்தால், உராய்வுக்கு ஒரு 450 கிலோ, ஏற்றத்துக்கு இன்னொரு 450 கிலோ இழுவிசை வேண்டும். ஆளுக்கு 25 கிலோ என்றாலும் நாற்பது பேர் போதும். கல்லை உட்காரவைத்த பிறகு மண்ணை வாரிவிட வேண்டியதுதான். ஒரு கிராமத்துத் திருவிழாவில் தேர் இழுக்க வருகிற கூட்டத்தில் பாதிகூட வேண்டாம்.

"கணக்கு சரி சார், நடைமுறைக்கு வருமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். என் பணிக்காலத்தில் பாகாலாப் பக்கம் ஒரு சிறு பாலத்துக்கு கர்டர் மாற்ற வேண்டியிருந்தது. பத்து டன்னுக்குக் குறையாது. கிரேன் வந்து நிற்க இடமில்லை. ஒரு மேஸ்திரியும் பதினெட்டு ஆட்களும்தான். கையிலிருந்தவை ஜாக்கி, கடப்பாரை, ஸ்லீப்பர் கட்டைகள், கயிறு. ஒரு முனையை இரண்டங்குலம் உயர்த்துவார்கள், கட்டை செருகுவார்கள். மறுமுனையை இரண்டங்குலம் உயர்த்துவார்கள், கட்டை செருகுவார்கள். அந்த மேஸ்திரி பள்ளிக்கூடம் போனவர் அல்லர். எந்த இடத்தில் முட்டுக் கொடுத்தால் கர்டர் புரளாது என்று அவருக்குத் தெரிந்த அளவு, டிப்ளமோ வைத்திருந்த எனக்கு அன்று தெரியாது. "தூக்கக்கூடாதுங்க சார், ஏத்தணும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் பிரமிடும் இருக்கிறது, கோபுரமும் இருக்கிறது.

இன்னும் பெரிய சான்று வேண்டுமா? 1988 ஜூலை 8ஆம் தேதி கேரளத்தில் பெருமண் பாலத்தில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பெட்டிகள் அஷ்டமுடி ஏரியில் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வேக்காரன் எவனாலும் மறக்க முடியாத நாள். நீருக்குள் கிடந்த பெட்டிகளை மேலே கொண்டுவர மலபாரின் மாப்பிள்ளைக் கலாசிகள் வரவழைக்கப்பட்டார்கள். கப்பியும் கயிறும் சுழல்தூணும், சேர்ந்து இழுக்கக் குரல் கொடுக்கும் பாட்டும்தான் அவர்களுடைய இயந்திரம். இது நம் காலத்தில், நாம் செய்தித்தாளில் படித்த சங்கதி. ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவன் வந்து, கிரேன் இல்லாமல் ரயில் பெட்டியை யாரும் எடுத்திருக்க முடியாது என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

பிரமிடு கதையும் இப்போது மாறிவிட்டது. 2013ல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் சுவடிகள் கிடைத்தன. மன்னன் கூஃபுவின் காலத்தில் மெரர் என்ற ஓர் அதிகாரி எழுதிய நாட்குறிப்பு அவற்றில் இருக்கிறது. அவர் கீழ் சுமார் நாற்பது பேர். இன்று தூராவில் கல் ஏற்றினோம், இன்று படகில் புறப்பட்டோம், இன்று கீஸா சேர்ந்தோம் என்கிற வகையில் நாள்வாரியாகக் குறிப்புகள். நம் ரயில்வே கேங் டைரிக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கேங் டைரி! அதில் விண்வெளிக்காரன் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கூட்டமும் உண்டு. வேற்றுக் கிரகவாசி வேண்டாம், நம் ரிஷிகளே விமானம் ஓட்டினார்கள் என்பவர்கள். கேட்க இனிக்கும். இவர்கள் கையில் எடுப்பது வைமானிக சாஸ்திரம். பரத்வாஜ முனிவர் அருளியது என்று சொல்லி, ஓசூருக்குப் பக்கத்து ஆனேக்கல்லைச் சேர்ந்த பண்டித சுப்பராய சாஸ்திரி 1918 முதல் 1923 வரை வாய்மொழியாகச் சொல்லி எழுதவைத்த நூல் அது. படங்களைப் பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரி வரைவாளரான எல்லப்பா வரைந்தார். 1974ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து ஆய்வாளர்கள் அந்த நூலை வரிவரியாக ஆராய்ந்தார்கள். அதன் சமஸ்கிருத நடை பழையதல்ல, நூல் 1904க்கு முந்தியதாக இருக்க முடியாது, படத்தில் உள்ளபடி செய்தால் எதுவும் பறக்காது என்று எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகும் 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் பழங்கால விமானம் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. அந்தப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். எல்லப்பாவின் கோடுகள் நேர்த்தியானவை, வரைபடம் என்ற முறையில் குறை சொல்ல முடியாது. பாவம், நல்ல வரைவாளர். எடைக்கும் இறக்கைக்கும்தான் கணக்கு உதைக்கிறது.

இரண்டு கூட்டமும் சேர்ந்து மறைப்பது ஒருவரைத்தான்: உளி பிடித்தவரை. தஞ்சைப் பெரிய கோயில் உச்சியில் 80 டன் ஒற்றைக்கல் இருக்கிறது, எப்படி ஏற்றினான் என்று வாய் பிளக்கிறோம். அது ஒரே கல்லல்ல, பல கற்களை இணைத்தது என்று அக்கோயிலை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைவிட முக்கியம், கட்டியவரின் பெயரே அங்கே கல்லில் இருக்கிறது: குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன். கோயிலில் பணிசெய்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், எந்தத் தெருவில் எந்த வீடு என்ற விவரத்தோடு இருக்கின்றன. நாவிதரையும் தையற்காரரையும்கூட இராசராசன் விட்டுவைக்கவில்லை. விண்ணிலிருந்து ஒருவர் வந்து உதவியிருந்தால் அவருக்கும் ஒரு நிலம் எழுதி வைத்திருப்பான்.

இந்த இடத்தில்தான் நம்மைப் பற்றிய செய்தி வருகிறது. நாம் பிழைப்புக்காக வந்து குடியேறிய சித்தூரும் திருப்பதியும் தமிழ்க் கல்வெட்டு நிறைந்த மண். திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தமிழ். 1930களில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோரின் உழைப்பால் தேவஸ்தானமே அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டது. பல்லவர் குலத்துச் சாமவை என்ற அரசி வெள்ளித் திருமேனி செய்துவைத்து, அதற்கு நகையும் நிலமும் கொடுத்த செய்தி தமிழில் இருக்கிறது. ஏர்ப்பேடு பக்கம் குடிமல்லத்தில் ஐந்தடி உயர லிங்கம். கிறிஸ்துவுக்கு முந்தையது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்தக் கோயிலிலும் பல்லவர், பாணர், சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. விக்கிரம சோழன் காலத்தில், 1126ல், கோயில் புதுப்பித்துக் கட்டப்பட்டது.

குடிமல்லத்துச் சுவரைப் பார்த்து என் பேத்தி, "தாத்தா, இது எந்த ஊர் எழுத்து?" என்று கேட்டாள். அவளுக்குப் பதினொரு வயது. தெலுங்கு நன்றாக எழுதுவாள், ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் பேசுவாள். தமிழ் வீட்டில் பேச்சோடு சரி. நம் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான். அந்தச் சுவர் அவர்களுக்கு வெறும் கோலம். யார், எப்போது, என்ன செலவில் செய்தார் என்று தமிழில் எழுதி வைத்திருந்தும் படிக்க ஆளில்லை என்றால், அந்த வெற்றிடத்தில் கைப்பேசிக்காரன் எந்தக் கிரகத்தை வேண்டுமானாலும் கொண்டுவந்து வைக்கலாம். பிள்ளைகளைக் கடிந்து என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நாம்தான் பொங்கல் விழா முடிந்ததும் மூடிவிடுகிறோம்.

கல்வெட்டு எழுத்து அப்படியொன்றும் எட்டாத வித்தை அல்ல. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. நடுநடுவே கிரந்த எழுத்து வரும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் சில மாதம் முயன்றால் பிடிபடும். சங்கம் தேவஸ்தானத் தொகுதிகளில் ஒன்றையாவது வாங்கி வைக்கட்டும். வகுப்பை ஆண்டு முழுவதும் நடத்தட்டும். கோடை விடுமுறைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லய்யகாரிபள்ளிக்கும் குடிமல்லத்துக்கும் பிள்ளைகளோடு போய்வரலாம். குடிமல்லத்துக்கு அருகிலேயே பாப்பாநாயுடுபேட்டை. அரிக்கமேட்டில் கிடைத்தவை போன்ற இழுத்துச் செய்யும் கண்ணாடி மணிகளை அந்த ஊர்க்காரர்கள் உலை வைத்துச் செய்து வந்ததை இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டு பழைய வித்தை. கையிலிருந்து கைக்கு வந்தது.

வருகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். குன்றில் நிழல் கிடையாது, காலை ஆறு மணிக்கே புறப்பட்டுவிட வேண்டும். தண்ணீரும் செருப்பும் அவரவர் பொறுப்பு. மூடுகல்லின் நீளம், அகலம், கனத்தைப் பிள்ளைகளே அளந்து எடையைக் கணக்கிடட்டும், கல்மேல் ஏறக்கூடாது. அளவு நாடாவை நான் கொண்டுவருகிறேன். ஐம்பதடி நாடா. ரயில்வேயுடையது அல்ல, சொந்தக் காசில் வாங்கியது.